டிஏ சம்பளம் வருவதற்கு முன்பு: மேடிசன் போகும் மாணவியின் கேள்வி

கேள்வி: அமெரிக்காவில் மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் தள்ளுபடி. டிஏ (கற்பித்தல் உதவியாளர்) வேலைக்கு ஒன்பது மாதத்துக்கு 26,000 டாலர். இதர கட்டணங்கள் ஆண்டுக்கு 1,500 டாலர் வரை நான் கட்ட வேண்டியிருக்கும் என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான இரண்டு பெண்களோடு வீடு பார்த்திருக்கிறோம், என் பங்கு மாதம் 950 டாலர், ஆகஸ்ட் 15 முதல் ஓராண்டு லீஸ். டிக்கெட் மலிவாக இருப்பதால் 12ஆம் தேதியே போய் இறங்கலாம் என்று நினைக்கிறேன். அப்பா வீட்டை வைத்து 20 லட்சம் கல்விக் கடன் வாங்கிவிடலாம், கையில் பணம் இருந்தால் தைரியம் என்கிறார். அவரிடம் 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. ரூம்மேட்கள் மூன்று பேரும் சேர்ந்து பழைய கார் வாங்கலாம் என்கிறார்கள், என் பங்கு 2,500 டாலர். கடன் வாங்கலாமா? கையில் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், 20 லட்சம் வேண்டாம், வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்கவே வேண்டாம். உங்களுக்குத் தேவை ஏறக்குறைய 5 லட்சம், அதுவும் முதல் இரண்டு மாதத்துக்காக. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் உங்கள் வரவும் செலவும் மயிரிழையில் சரியாக வருகிறது. இடிக்கிறது எங்கே என்றால் தேதிகளில்தான், அதாவது வாடகை கேட்கிற தேதியும் சம்பளம் வருகிற தேதியும் ஒன்றாக இல்லை.

ஆண்டுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 26,000 டாலரில் மத்திய வரி, மாநில வரி எல்லாம் போக 24,000 கையில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 1,500 போனால் 22,500. வாடகை 950, சாப்பாடு, போன், மின்சாரம், மற்றது எல்லாம் சேர்த்து 900 என்றால் மாதம் 1,850, பன்னிரண்டு மாதத்துக்கு 22,200. மிச்சம் 300 டாலர். ஆண்டு முழுவதற்கும். இப்போது அந்த 20 லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வட்டி 10.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2.1 லட்சம், டாலர் 90 ரூபாய் கணக்கில் 2,300 டாலருக்கு மேல். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும், ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிஎச்.டி. என்பது இரண்டு வருஷ எம்.எஸ். இல்லை, ஐந்து ஆறு வருஷம் ஆகலாம். தைரியத்துக்காக வாங்கி வங்கியில் சும்மா வைக்கிற பணத்துக்கு இவ்வளவு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

"கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டே" என்று அப்பா கேட்பார். உண்டு, 80இ என்று நாம் பழகிய பிரிவில். ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், அதுவும் வட்டிக்கு மட்டும்தான். அவர் புதிய முறைக்கு மாறியிருந்தால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. மனசு கேட்கவே இல்லையென்றால் கடனை அனுமதி மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எடுத்த தொகைக்குத்தான் வட்டி. பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அதைச் செய்யட்டும்.

சரி, முதல் இரண்டு மாதம். டிஏ வேலை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினாலும் முதல் சம்பளம் செப்டம்பரில் எப்போது வரும், முழுச் சம்பளமா பாதியா என்பதைத் துறை அலுவலகத்துக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அமெரிக்கா போன பிறகுதான் சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கிற சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும், அதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும். எல்லாவற்றையும் யோசித்து, அக்டோபர் முதல் வாரம் வரை ஒரு டாலர் வரவில்லை என்று வைத்துத் திட்டமிடுவதுதான் என் வழக்கம். டெபாசிட் 950, ஆகஸ்ட் பாதி வாடகை 475, செப்டம்பர் வாடகை 950. படுக்கை, பாத்திரம், மேசை வகையில் 400. இரண்டு மாதச் சாப்பாடு, போன், இதர செலவு 1,000. இதுவரை 3,775. அக்டோபர் வாடகையும் சம்பளத்துக்கு முன்னால் வந்து நிற்கலாம் என்பதால் இன்னொரு 950. கைக்காவலுக்கு 775 சேர்த்தால் 5,500 டாலர், நம் பணத்தில் 4.95 லட்சம். டிக்கெட் செலவு இதில் இல்லை. பல்கலைக்கழகக் கட்டணமும் இதில் இல்லை, பல இடங்களில் அதைச் சம்பளத்திலிருந்து தவணையாகப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு இருக்கும், அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

இந்த 5 லட்சத்துக்கு எஃப்.டி.யை உடைக்காதீர்கள். அதே வங்கியில் எஃப்.டி. மேல் கடனாக எடுத்தால் எஃப்.டி. வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம்தான் கூடுதலாக இருக்கும், எஃப்.டி.யும் ஓடிக்கொண்டிருக்கும், முடிந்தபோது கட்டலாம். நகைக்கடனைவிட இது நிம்மதி. நகையில் வருஷம் திரும்பினால் மீட்கவோ வட்டி கட்டி மாற்றி வைக்கவோ ஓட வேண்டும், நீங்கள் அங்கே இருக்க அம்மா இங்கே வரிசையில் நிற்பார்.

பணத்தை எடுத்துப்போவது: நோட்டாக 3,000 டாலர் வரை கொண்டுபோக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, ஆனால் 500, 600 போதும். மிச்சத்தில் பாதியை ஃபாரெக்ஸ் கார்டில் போடுங்கள். இன்னொரு பாதியை நீங்கள் அங்கே கணக்கு தொடங்கியதும் அப்பா அனுப்பட்டும். பாஸ்போர்ட், ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று), வீட்டு முகவரி இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலே கணக்கு தொடங்கித் தரும் வங்கிகள் கல்லூரி ஊர்களில் உண்டு. டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிப்பார்களோ என்ற பயம் வேண்டாம், ஏப்ரல் 2025 முதல் நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை அனுப்பினால் டிசிஎஸ் கிடையாது.

இனி வீடு. மேடிசனில் மாணவர் வீடுகளின் லீஸ் பெரும்பாலும் ஆகஸ்ட் 14 அன்று முடியும், அடுத்த லீஸ் 15 அன்று தொடங்கும். பாதி ஊர் ஒரே நாளில் வீடு மாறும். அந்தப் பக்கம் இதற்கு ஹிப்பி கிறிஸ்துமஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், காரணம் கிளம்புகிறவர்கள் சோபா, மேசை, விளக்கு எல்லாவற்றையும் தெருவோரம் போட்டுவிட்டுப் போவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மர மேசை, நாற்காலி, புத்தக அலமாரி எடுங்கள், கூச்சமே வேண்டாம், பேராசிரியராக இருக்கிறவர்கள்கூட மாணவராக இருந்தபோது எடுத்தவர்கள்தான். மெத்தையையும் துணி வைத்த சோபாவையும் மட்டும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி வந்தால் ஒழிக்கிற செலவு புது மெத்தையைவிட அதிகம்.

ஆனால் 12ஆம் தேதி இறங்கினால் மூன்று இரவு எங்கே தங்குவீர்கள்? அந்த வாரம் ஊரே வீடு மாறுகிறது, விடுதி அறை மலிவாகக் கிடைக்காது. டிக்கெட்டில் மிச்சப்படுத்தியதற்கு மேல் அங்கே போய்விடும். 15 மாலையோ 16ஆம் தேதியோ இறங்குகிற மாதிரி பாருங்கள், வகுப்புக்கு முந்தைய அறிமுக நிகழ்ச்சி எப்போது என்பதை மட்டும் சரிபார்த்துக்கொண்டு. அல்லது தமிழ் மாணவர்கள் யாராவது மூன்று நாள் தரையில் இடம் கொடுப்பார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வரியைத் தேடுங்கள்: ஜாயின்ட் அண்ட் செவரல். அது இருந்தால் மூன்று பேரில் ஒருத்தி விசா கிடைக்காமல் வரவில்லை என்றாலும், நடுவில் வேறு வீட்டுக்குப் போய்விட்டாலும், அவள் வாடகையை மற்ற இருவரும் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் உங்கள் ஒருவரிடமே மொத்தத்தையும் கேட்கலாம். மூன்று பேருக்கும் விசா முடிவாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அல்லது அறை அறையாகத் தனித்தனி லீஸ் தரும் இடமா பாருங்கள். ஈகிள் ஹைட்ஸ் என்று பல்கலைக்கழகத்தின் சொந்தக் குடியிருப்பு இருக்கிறது, அதற்கும் மனுப் போட்டு வையுங்கள், காத்திருப்போர் பட்டியல் இருந்தாலும். இன்னொன்று, வாடகையில் ஹீட்டிங் சேர்த்தியா? சேர்த்தி இல்லையென்றால் போன ஜனவரி மாதப் பில் எவ்வளவு என்று கேளுங்கள். நான் சொன்ன 900 டாலரைக் குளிர்காலத்தில் உடைக்கக்கூடியது இது ஒன்றுதான். நேரிலோ வீடியோவிலோ உள்ளே பார்க்காத வீட்டுக்கு, யாரென்று தெரியாத ஆளுக்கு, ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

சாவி வாங்கியதும் வீட்டின் குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்க விஸ்கான்சினில் உங்களுக்கு ஏழு நாள் உண்டு. கறை, விரிசல், ஓட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்த பிறகு 21 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும், பிடித்தால் எதற்கு என்று எழுதித் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். படம் இருந்தால் பேச முடியும்.

கார் வேண்டாம். 2,500 டாலர் பங்கு என்பது தொடக்கம்தான், இன்ஷூரன்ஸ், பார்க்கிங், ரிப்பேர் எல்லாம் பின்னால் வரும், உங்கள் ஆண்டு மிச்சமே 300 டாலர். மேடிசனில் மாணவர்களுக்கு நகரப் பேருந்து பாஸ் கிடைக்கும், நீங்கள் கட்டுகிற அந்த இதர கட்டணத்திலேயே அது அடக்கம். போதாக்குறைக்கு நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை பல தெருக்களில் ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கம் என்று இரவில் காரை மாற்றி நிறுத்த வேண்டும், மறந்தால் அபராதம். மூன்று பேர் பெயரில் ஒரு கார் என்றால் அன்றைக்கு யார் முறை என்பதில் ஆரம்பிக்கும் சண்டை.

அப்புறம் கோடை. சம்பளம் மே மாதத்தோடு நின்றுவிடும், வாடகை நிற்காது. அந்த மூன்று மாதத்துக்கு 5,550 டாலர் வேண்டும், அதாவது சம்பளம் வருகிற ஒன்பது மாதமும் மாதம் 620 டாலரை வந்த அன்றே தனிக் கணக்குக்குத் தள்ள வேண்டும். மாதம் 2,600க்கு மேல் கையில் வருகிறதே என்று செலவு செய்கிறவர்கள் எல்லாம் மாட்டுவது ஜூனில்தான். அறையை சப்லெட் (உள்வாடகைக்கு) விட்டு ஈடுகட்டலாம் என்று நம்ப வேண்டாம். வீட்டுக்காரர் அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம், கோடையில் ஊரில் எல்லோரும் சப்லெட் விடுவார்கள், வாடகையில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். பிப்ரவரியிலேயே பேராசிரியர்களிடம் கோடை ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை இருக்கிறதா என்று கேட்க ஆரம்பியுங்கள். வகுப்பு நடக்கும்போது எஃப்-1 மாணவர் விசாவில் வளாக வேலை வாரம் 20 மணி நேரம்தான், கோடை விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். ஆர்ஏ கிடைத்தால் நீங்கள் சேர்த்து வைத்த 5,550 அப்படியே மிஞ்சும். அதை ஊருக்கு அனுப்பினால் அப்பாவின் எஃப்.டி. கடன் ஒரே வருஷத்தில் பெரும்பகுதி அடைந்துவிடும்.

கடைசியாக வரி. இந்திய மாணவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி, அமெரிக்கர்களுக்குக் கிடைக்கும், வருமானத்தில் வரி போடாமல் கழித்துவிடும் தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உங்களுக்கும் கிடைக்கும். 2025ஆம் ஆண்டுக்கு அது 15,750 டாலர். முதல் ஆண்டில் டிசம்பர் வரை நீங்கள் வாங்குகிற சம்பளம் அதற்குள்தான் வரும், ஆகவே மத்திய வரி பூஜ்யம், பிடித்திருந்தால் திரும்பி வரும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வகையில் 7.65 சதவீதமும் பிடிக்கக் கூடாது. முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள், பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் சொல்லித் திருத்துங்கள். தாக்கல் செய்ய வேண்டியது 1040-என்ஆர் படிவமும் 8843 படிவமும், கடைசி நாள் ஏப்ரல் 15. உள்ளூர் நண்பர்கள் பயன்படுத்துகிற இலவச மென்பொருளில் போட்டால் அது சாதாரண 1040-ல் கொண்டுபோய் விட்டுவிடும், எஃப்-1 மாணவருக்கு அது தவறான படிவம். வெளிநாட்டு மாணவர்களுக்கான மென்பொருளைப் பல்கலைக்கழகமே தருகிறதா என்று ஜனவரியில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.