முதல் சம்பளம் வரும்வரை

வணக்கம் ஐயா.

கோலாலம்பூரில் இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுக்கும் ஓர் அமைப்பில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள் எல்லாரும் வருகிறார்கள். பெரும்பாலும் நம் பிள்ளைகள். மூன்று மாத வகுப்பு. நேர்காணல் பயிற்சி, ஆங்கிலம், கணினி, கடைசியில் இரண்டு நாள் தன்முனைப்பு முகாம், அதாவது ஊக்கப் பேச்சு முகாம். சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்து, வேலையிலும் சேர்த்துவிடுகிறோம். ஒன்றரை மாதம் கழித்து அழைத்தால் பாதிப் பேர் வேலையை விட்டிருக்கிறார்கள். சிலர் உணவு டெலிவரிக்குப் போய்விட்டார்கள். சிலர் போனையே எடுப்பதில்லை.

"இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, முகாமை நாலு நாளாக்குவோம்" என்கிறது எங்கள் நிர்வாகம். முகாம்களைக் கிண்டல் செய்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். கிண்டல் சரி, அதற்குப் பதிலாக என்ன செய்யச் சொல்கிறீர்கள்? சில நாள் இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஒரு வாசகி, செந்தூல்

* * *

அன்புள்ள தங்கைக்கு,

'ஒன்றரை மாதம்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

ஒரு பையன் மாதம் 3ஆம் தேதி வேலையில் சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வேலைச் சட்டப்படி அந்த மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். மாத நடுவில் சேர்ந்தவனுக்கு முதலில் வருவது அரைச் சம்பளம். முழுச் சம்பளத்தைப் பார்க்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது? கோலாலம்பூரில் அறை எடுத்தால் வாடகை முன்பணம் வேறு. அம்மாவிடம் எத்தனை தடவை கேட்பான்? அதே தெருவில் டெலிவரி ஓட்டும் நண்பன் வாராவாரம் காசு பார்க்கிறான். பொறுமை இல்லாதவன் என்று உங்கள் நிர்வாகம் சொல்கிற பையன், என் கணக்கில், கையில் காசு தீர்ந்துபோனவன்.

அவன் போடும் கணக்கில் ஓட்டையும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதற்கு மேல் முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட், ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.பில் போட வேண்டும். டெலிவரி ஓட்டுபவனுக்கு அப்படிப் போட ஒரு முதலாளி கிடையாது. இதைச் சம்பளச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் சொல்லித்தர வேண்டும். உங்கள் மூன்று மாத வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

முகாமுக்கு வருகிறேன். விடியற்காலையில் எழுந்து, பெருநிலத்துப் பிறை நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் தாண்டி, தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஏழு மணி ஷிப்டுக்குக் கார்டு அடிக்கிற பையனிடம் போய் "உன்னால் முடியும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. (2019 முதல் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. எத்தனையோ முகாம் செய்யாத உதவியை அது செய்திருக்கிறது.)

பழைய கதை ஒன்று. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் அந்த ஆண்டே வந்தது, பிறகு வரிசையாக மற்றவர்கள். கம்பத்துப் (கிராமத்துப்) பெண்கள், அதுவரை பேக்டரி வாசலையே மிதிக்காதவர்கள், மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து மயிரிழைக் கம்பிகளை இணைத்தார்கள். அவர்களுக்கு யாரும் தன்முனைப்பு உரை ஆற்றவில்லை. வீட்டுப் பக்கம் பேக்டரி பஸ் வந்தது, வேலையைக் கம்பெனியே கற்றுக்கொடுத்தது. அப்புறம் தொழில்நுட்பம் மாறி, அந்த அளவு பயிற்சி போதாது என்று ஆனபோது, 1989இல் மாநில அரசும் கம்பெனிகளும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். அதன் பலம் கட்டடத்தில் இல்லை. எந்த இயந்திரத்துக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கம்பெனிக்காரர்களே உட்கார்ந்து சொன்னார்கள், பாடம் அதிலிருந்து வந்தது. நம் அமைப்புகளில் பாடம் பேச்சாளரிடமிருந்து வருகிறது. அவர் கடைசியாக ஒரு பேக்டரிக்குள் போனது எப்போது என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். மூன்று மாத வகுப்புக்குக் கொடுக்கும் 'கலந்துகொண்டார்' சான்றிதழை எந்த மனிதவள அதிகாரியும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். அப்படியல்ல. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை கொடுப்பது. ஒன்று முதல் மூன்று நிலை வரை சான்றிதழ், நான்கில் டிப்ளோமா, ஐந்தில் உயர்நிலை டிப்ளோமா. "டிப்ளோமா உண்டா?" என்று கேட்கும் பெற்றோரிடம் இந்தப் படிகளைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள், பாதி வாதம் அங்கேயே முடியும். உங்கள் அமைப்புக்கு அந்த அங்கீகாரம் இல்லையென்றால், உள்ள மையத்தோடு கைகோத்துக்கொள்ளுங்கள். கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் கடன் தருகிறது. உயர்கல்விக் கடன் தரும் பி.டி.பி.டி.என். தெரிந்த அளவுக்கு இந்தக் கடன் நம் வீடுகளில் தெரியவில்லை.

காசு முடையில் இருக்கும் பையனுக்கு இதைவிடப் பொருத்தம் 2005இல் வந்த எஸ்.எல்.டி.என்., அதாவது தேசிய இரட்டைப் பயிற்சி முறை. ஜெர்மன்காரர்கள் முறையைப் பார்த்துச் செய்தது. பயிற்சியில் முக்கால்வாசி கம்பெனியிலேயே நடக்கும், மீதி வகுப்பில். கையில் ஏதோ ஒரு தொகை வந்துகொண்டே இருக்கும், கடைசியில் எஸ்.கே.எம்.மும் கிடைக்கும். மின்சாரப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வழி: எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் (மின்கம்பி வேலை), சார்ஜ்மேன் (மின் நிறுவலைப் பார்த்துக்கொள்பவர்) தகுதிச் சான்றிதழ்கள். பெரிய மின் இணைப்பு உள்ள கட்டடங்களும் பேக்டரிகளும் தகுதி பெற்ற ஆளை வைத்தே தீர வேண்டும் என்று சட்டம் இருப்பதால், அந்த வேலைக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முகாமுக்கு மண்டபமும் பஃபே சாப்பாடும் எடுக்கிற காசை, வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு வாரத்துக்குப் பெட்ரோல், சாப்பாட்டுப் பணமாகக் கொடுங்கள். கடனாகக் கொடுத்தாலும் சரி, சம்பளம் வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பட்டும். சிலர் திருப்ப மாட்டார்கள். மண்டபக்காரரும்தான் திருப்பியதில்லை.

ஒரே கம்பெனிக்கு ஒருவனை மட்டும் அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அனுப்புங்கள். தனியாகப் போனவன் சூப்பர்வைசர் போட்ட முதல் சத்தத்திலேயே வீடு திரும்புவதை நான் பேக்டரியில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கூட ஒருவன் இருந்தால் இரண்டு பேரும் கேண்டீனில் உட்கார்ந்து சூப்பர்வைசரைத் திட்டிவிட்டு மறுபடி உள்ளே போவார்கள். பெண் பிள்ளைகள் என்றால், இரவு ஷிப்ட் முடிந்து எப்படி வீடு திரும்புவது என்பதைச் சம்பளத்துக்கு முன்பே கேட்டு முடிவு செய்யுங்கள். அம்மாக்களின் முதல் கேள்வி அது, நியாயமான கேள்வியும்கூட.

ஆங்கிலத்துக்கு நீங்கள் கொடுக்கும் இடம் எனக்கு அதிகமாகப் படுகிறது. நேர்காணலில் தன்னை அறிமுகப்படுத்தும் ஐந்து வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவன், 'எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை காட்டுங்கள்' என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கத் தெரியாமல் நிற்கிறான். அதைப் பழக்குங்கள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் யாருக்குத் தகவல் சொல்வது, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கை எப்படிச் சரிபார்ப்பது, இதெல்லாமும்.

வேலையை விட வேண்டாம். நிதி கொடுப்பவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் 'பயிற்சி பெற்றோர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஓராண்டு கழித்தும் வேலையில் இருப்போர்' என்று ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள். முதல் ஆண்டு எண் அசிங்கமாகத்தான் இருக்கும். நிர்வாகம் அந்தக் கட்டத்தை அழிக்கச் சொன்னால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. படிவம் மூன்றோடு பள்ளியை நிறுத்தி, பட்டறையில் ஆறேழு வருடம் வெல்டிங் செய்தவர்களும் உங்களிடம் வருவார்கள். அவர்களை மறுபடி வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். முன் அனுபவத்தை மதிப்பிட்டே எஸ்.கே.எம். கொடுக்கும் வழி இருக்கிறது, மலாயில் பி.பி.டி. என்பார்கள். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாக்கிக் காட்ட வேண்டும். பட்டறை முதலாளியிடம் கடிதத்தை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அவர் கடையை மூடிவிட்டால் பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம்.