அரபு பேசும் தொடக்கப்பள்ளி ஆசிரியைகளை ஆங்கிலத்தில் பாடம் நடத்தப் பழக்குவது எப்படி?

கேட்டவருக்கு வளைகுடாவில் ஒரு பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. இத்தனை காலம் அரபியிலேயே நடத்திப் பழகிய தொடக்கப்பள்ளி ஆசிரியைகளை, கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடத்தத் தயார் செய்ய வேண்டுமாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறார்.

இதே வேலையை 2007 முதல் 2012 வரை கத்தாரின் தலைநகர் தோஹாவில் செய்தேன். அதற்கு முன் திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம் கணக்கு டீச்சர். கணவருக்கு அங்கே வேலை, நானும் போனேன், கணக்குத் தெரிந்த பயிற்றுநர் தேவை என்று ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஆங்கில இலக்கணத்தில் ஆரம்பிக்காதீர்கள். அந்த ஆசிரியை நாளைக் காலை நடத்தப்போகும் பாடத்தில் ஆரம்பியுங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி. கத்தார் அரசு 2001 இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தைக் கூப்பிட்டுத் தன் பள்ளிக்கல்வியை ஆராயச் சொன்னது. 2002 இல் கல்விக்கென உச்ச மன்றம் ஒன்று வந்தது. 2004 இல் 12 'இன்டிபென்டன்ட்' பள்ளிகள் திறந்தன. பணம் அரசுடையது, நிர்வாகம் பள்ளியுடையது, கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில். பிறகு பழைய அரசுப் பள்ளிகளும் ஒவ்வொன்றாக இந்த வரிசையில் வந்து சேர்ந்தன. காகிதத்தில் அழகான திட்டம்தான். ஆசிரியையின் பக்கமிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்: கோடை விடுமுறை முடிந்து வருகிறார், இந்த வருடத்திலிருந்து ஆங்கிலம் என்கிறார்கள்.

முதல் வாரம் எனக்கு வேலை, வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து பார்ப்பது. மூன்றாம் வகுப்பு, பையன்கள். (பையன்களுக்கும் சின்ன வகுப்புகளில் பெண்களே நடத்தும் பள்ளிகள் கத்தாரில் உண்டு.) ஆசிரியை கெய்ரோக்காரர், பதினான்கு வருட அனுபவம். பிள்ளைகள் டீச்சரை 'அப்லா' என்பார்கள், நாம் மிஸ் என்பது போல. அதனால் அவரை இங்கே கெய்ரோ அப்லா என்றே சொல்கிறேன்.

மணி அடிப்பதற்கு முன் ஒரு பையனுக்கு முந்தின நாள் கணக்கை அரபியில் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது 'யல்லா', 'கலாஸ்' தாண்டி அரபி தெரியாது. ஆனாலும் கணக்கு எனக்கே புரிந்தது. பேரீச்சங்கொட்டைகளை மேசையில் பரப்பி, சிலதைக் கையால் மூடி, ஒரு புருவத்தைத் தூக்கி, பையன் தப்பாகச் சொன்னதும் நெஞ்சில் கைவைத்து மயங்கி விழுவது போல் நடித்து... பிறவி டீச்சர்.

மணி அடித்தது. ஆங்கிலம் ஆரம்பித்தது. அதே பெண்மணி விறைத்துப்போனார். கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. திரையில் இருந்த வரிகளை வாசித்தார், "அண்டர்ஸ்டாண்ட்?" என்றார், முப்பது தொண்டைகள் "யெஸ் அப்லா!" என்றன. ஒரு பையன் மட்டும் எழுந்து அரபியில் ஏதோ கேட்டான். 'மைனஸ்' என்றால் என்ன என்று கேட்டானாம், பிறகு தெரிந்தது. அவர் பையனைப் பார்த்தார், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். ஆங்கில வகுப்பில் அரபி கூடாது என்பது அந்தப் பள்ளியின் விதி. திரையில் இருந்ததையே இன்னொரு முறை, சத்தமாக வாசித்தார். பையன் உட்கார்ந்துவிட்டான்.

நான் செய்யவேண்டிய வேலை என்னவென்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. அந்தப் பெண்மணிக்கு ஆங்கிலம் வரவில்லை என்பதைவிட, அவரிடம் ஏற்கெனவே இருந்த டீச்சரும் காணாமல் போனதுதான் பெரிய நஷ்டம்.

எங்கள் நிறுவனம் வைத்திருந்த திட்டமோ, பள்ளி முடிந்தபின் தினம் ஒன்றரை மணி நேரம் இலக்கண வகுப்பு. காலம், செயப்பாட்டு வினை, நிபந்தனை வாக்கியம். காலை ஏழுக்கு முன்பே பள்ளிக்கு வந்த பெண்கள், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்க, கடிகாரத்தைப் பார்த்தபடி கோடிட்ட இடம் நிரப்பினார்கள். செயப்பாட்டு வினை தெரிந்துவிட்டால் கழித்தல் நடத்த வந்துவிடுமா? இதைக் கூட்டத்தில் கேட்டபோது, எனக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதை நாசூக்காக ஞாபகப்படுத்தினார்கள். சரி, போகட்டும்.

பிறகு நானும் கெய்ரோ அப்லாவும் காலியாக இருந்த ஒரு பீரியடில் உட்கார்ந்தோம். ஒரு கழித்தல் பாடத்தில் அவர் வாயிலிருந்து என்னென்ன வாக்கியங்கள் வரவேண்டும் என்று எழுதினோம். மொத்தம் 38. அவ்வளவுதான்! அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அதிலும் பாதி எல்லா நாளும் வருபவை: புத்தகத்தைத் திற, பக்கத்தில் இருப்பவனிடம் காட்டு, யார் பலகைக்கு வருகிறாய். மீதிதான் கணக்கு. இந்த வாக்கியங்களைச் சின்ன அட்டைகளில் எழுதி லேமினேட் செய்து அடையாள அட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு மாதத்தில் குனிந்து பார்ப்பது நின்றது. கொட்டைகளும் புருவமும் திரும்பி வந்தன.

எழுதும்போதே சில குழிகள் தெரிந்தன. "ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?" என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் இடது கையைத் தூக்கினார்கள். மீதி என்பதற்கும் இடது என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், எந்த ஆங்கிலேயப் பயிற்றுநர் கண்ணுக்கும் இது படவில்லை. நாங்கள் அந்த வாக்கியத்தையே மாற்றினோம். "அண்டர்ஸ்டாண்ட்?" என்பதற்கு முழுத் தடை. அதற்குப் பதில் "ஹவ் டூ யூ நோ?", உனக்கு எப்படித் தெரியும். இதற்கு "யெஸ் அப்லா" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

திசைச் சிக்கலைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். எகிப்திலெல்லாம் அரபுவழிக் கணக்கு வலமிருந்து இடமாக ஓடும். ஏழிலிருந்து மூன்றைக் கழிக்க, வலது கோடியில் ஏழு, அடுத்து கழித்தல் குறி, அதற்கு இடப்பக்கம் மூன்று. கூட்டலிலும் பெருக்கலிலும் எப்படி வாசித்தாலும் விடை ஒன்று. கழித்தலிலும் வகுத்தலிலும்தான் வம்பு. அவசரத்தில் பழைய கைப்பழக்கம் எட்டிப்பார்க்கும், பலகையில் 3 – 7 என்று நிற்கும். எண் வடிவங்களும் வேறு: நம் பூஜ்யம் போல் வட்டமாக இருப்பது அவர்களுக்கு ஐந்து, பூஜ்யம் வெறும் புள்ளி, ஆறு கிட்டத்தட்ட நம் 7 போல இருக்கும். 25 ஐச் சொல்லும்போது 'கம்ஸா வ இஷ்ரீன்', அதாவது ஐந்தும் இருபதும். ஒன்றாம் இடம் முதலில் வரும். அதனால் ஆங்கிலத்தில் வேகமாக 'தர்ட்டி ஃபோர்' சொன்னால் 43 என்று எழுதிவிடுவார்கள். இதற்கு ஆங்கில வகுப்பு உதவாது. கணக்கு தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்து, எண்களை மட்டும் தினம் ஐந்து நிமிடம் சொல்லச் சொல்ல எழுதவைக்க வேண்டும்.

உச்சரிப்பில் நான் கொஞ்சம் அலட்சியக்காரி. அரபியில் பென்சிலின் 'ப' ஒலி கிடையாது, பஸ்ஸின் 'ப' மட்டும் உண்டு. அதனால் 'பென்சில்' சொன்னால் பஸ்ஸின் எழுத்தில் ஆரம்பிக்கும். உதட்டுக்கு முன் டிஷ்யூ காகிதத்தைப் பிடித்து, காற்றில் அசைகிறதா என்று பார்க்கும் பழைய வித்தையைச் செய்தோம், நன்றாகச் சிரித்தோம். எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்று 'ப' எழுதிக் காட்டினேன். மெய்யெழுத்துகள் நெருக்கமாக வந்தால் முன்னால் ஒரு 'இ' போட்டுக்கொள்வார்கள், 'இஸ்ட்ரீட்' என்று. எங்கள் ஊரில் பாட்டிமார் 'இஸ்கூல்' என்பார்கள் என்றேன். அதுவரை என்னை "ஹிந்தியா நமக்கு ஆங்கிலம் சொல்லித்தர?" என்று பார்த்த இரண்டு பேர் (இந்தியப் பெண்ணுக்கு அரபியில் ஹிந்தியா என்று பெயர்) அன்றைக்குத்தான் கரக் டீயை என் பக்கம் தள்ளினார்கள்.

'இஸ்' விட்டுப்போவதும் அப்படித்தான். அரபியில் 'ஹாதா கிதாப்', தமிழில் 'இது புத்தகம்'. இரண்டிலும் நடுவில் ஒன்றும் வேண்டாம். அதனால் ஆங்கிலத்திலும் "திஸ் புக்" என்று நிறுத்திவிடுவார்கள். பிள்ளைக்கு என்ன நஷ்டம்? திருத்தலாம், ஆனால் கடைசியில். முதலில் எண், திசை, செய்யச் சொல்லும் வாக்கியங்கள். பயிற்றுநர் எல்லாப் பிழையையும் வட்டமிட்டுக் கொடுத்தால், அடுத்த வகுப்பில் ஆசிரியை திரையை வாசிப்பதற்கே திரும்பிவிடுவார்.

அரபிக்குத் தடை போடலாமா என்பதில் என் கருத்து மாறவே இல்லை: கூடாது. எங்கள் ஏற்பாடு இதுதான். முதலில் ஆங்கிலத்தில் சொல், பிறகு பொருளைக் காட்டி அல்லது செய்து காட்டிச் சொல், அப்படியும் முகம் வெறுமையாக இருந்தால் ஒரே ஒரு அரபிச் சொல், உடனே மறுபடி ஆங்கிலம். இந்தப் பிள்ளைகளின் நிலையையும் யோசியுங்கள். வீட்டில் பேசும் அரபி வேறு, பாடப்புத்தக அரபி வேறு. பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் போலத்தான், இடைவெளி இன்னும் அதிகம். ஏழு வயதில் ஏற்கெனவே இரண்டைச் சுமக்கிறவன் தலையில் மூன்றாவதை வைக்கிறோம்.

நேரம் பற்றி ஒன்று. ரமலானில் பள்ளி நேரம் குறையும், ஆசிரியைகள் நோன்பில் இருப்பார்கள். அந்த மாதம் புதிதாக எதுவும் ஆரம்பிக்காதீர்கள், வகுப்பைப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். பயிற்சியைப் பள்ளி நேரத்துக்குள் வாங்கித்தர தலைமையாசிரியையிடம் சண்டை போட வேண்டியிருக்கும், போடுங்கள்.

அபுதாபி வேறு வழியில் போனது. 2010 இல் கொண்டுவந்த புதிய பள்ளி முறையில், சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம், கணக்கு, அறிவியல் நடத்த ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையே வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுத்தார்கள். அரபு ஆசிரியைகள் அரபியும் இஸ்லாமியக் கல்வியும் நடத்தினார்கள். ஆங்கிலப் பிரச்சினை ஒரே அடியில் தீர்ந்தது போல் இருக்கும். பிள்ளை அரபியில் கேட்டால் பதில் சொல்ல டீச்சருக்கு ஒரு சொல் தெரியாது என்பது அடுத்த பிரச்சினை. எனக்குக் கெய்ரோ அப்லாதான் மேல்.

கத்தாரில் முடிவு என்ன ஆனது என்று தெரிந்திருக்கும். 2012 இல் கணக்கும் அறிவியலும் அரபிக்கே திரும்பின. பிள்ளைகளின் அரபி பலவீனமாகிறது என்ற பெற்றோர் கவலை அதற்கு முன்பே பலமாக இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. இத்தனை வருட உழைப்பு வீணா என்று நண்பர்கள் கேட்பார்கள். நான் ஊர் திரும்பும் முன் கெய்ரோ அப்லாவின் வகுப்புக்குப் போனேன். அரபியில் கழித்தல். இப்போது எனக்கும் பாதி புரியும். ஒரு பையன் விடை சொன்னான். 'மஃப்ஹூம்?', புரிந்ததா, என்று கேட்கும் அந்தப் பழைய இடத்தில் அவர் "கைஃப் அரஃப்த்?" என்றார். உனக்கு எப்படித் தெரியும்.

உங்களுக்கு: கிளம்புமுன் அரபி எண்களை ஒன்றிலிருந்து நூறு வரை படித்துக்கொள்ளுங்கள், சொல்லவும் எழுதவும். முதல் வாரம் பேசாமல் பாருங்கள், கையில் நோட்டு வேண்டாம், பயப்படுவார்கள். அப்புறம், லேமினேஷன் மெஷின் இல்லை என்பார்கள். நம்பாதீர்கள், ஸ்டோர் ரூமில் பெட்டி பிரிக்காமல் இருக்கும்.