நோவாய் வீட்டு வம்சாவளி

கேள்வி: போன இதழில் நோவாய் என்ற பிரெஞ்சுப் பிரபு குடும்பத்தின் வம்சாவளிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். புரட்சி தூக்கி எறிந்த பட்டக்காரர்களின் தாத்தா, கொள்ளுத்தாத்தா கணக்கு நமக்கு எதற்கு?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பட்டங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். பிரான்சின் லிமூசின் பக்கத்துச் சிற்றூர்க்காரர்கள் 1663ல் டியூக் ஆனார்கள், ஒருவர் பாரிஸின் பேராயர், சிலர் ராணுவத்தில் மார்ஷல்கள். இவ்வளவுதான் என்றால் நானும் இரண்டு பக்கம் தந்திருக்க மாட்டேன்.

தேதிகளைப் பாருங்கள். 1789 ஆகஸ்ட் 4 இரவு, தேசிய சட்டமன்றத்தில் எழுந்து, வருமானத்துக்கு ஏற்ப எல்லோரும் வரி கட்டட்டும், பண்ணையடிமை முறை நஷ்டஈடு இல்லாமலே ஒழியட்டும் என்று பேசியவர் லூயி மாரி த நோவாய். புரட்சி தூக்கி எறியும் முன்பே பிரபுக்களின் சலுகைகளைக் கைவிடச் சொன்னவர் அந்த வீட்டுப் பிள்ளை. ஐந்து வருஷம் கழித்து, 1794 ஜூன் 27ல் அவருடைய அப்பா, அம்மா இருவரும் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்துக்குப் போனார்கள். ஜூலை 22ல் அவர் மனைவி லூயிஸ், மாமியார், மாமியாரின் மாமியார், மூன்று தலைமுறைப் பெண்களும் ஒரே நாளில். இந்தக் கொலைகளை நடத்திய ஆட்சியின் தலைவர் ரோபஸ்பியர் வீழ்ந்தது ஜூலை 27. ஐந்தே நாள்! லூயி மாரி அப்போது அமெரிக்காவில் இருந்தார்.

ஒரே கொடியில் இத்தனை பேர் எப்படி என்பதை வம்சாவளிதான் சொல்லும். லூயி மாரியின் அப்பாவும் லூயிஸின் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். நம் முறைப்படி அவர் அவளுக்குச் சித்தப்பா, அங்கே கணவர். லூயிஸின் தந்தைக்கு மிஞ்சியது ஐந்து பெண்கள்தான். மூத்தவளைக் குடும்பத்துக்குள்ளேயே கொடுத்தார்கள். இரண்டாமவள் அத்ரியென், அமெரிக்க விடுதலைப் போரில் பேர் வாங்கிய லாஃபாயெத்தின் மனைவி. புரட்சிக்காரர்களின் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவள், 1795ல் இரண்டு மகள்களோடு ஆஸ்திரியர்களின் ஓல்முட்ஸ் கோட்டைக்குப் போய், அங்கே அடைபட்டிருந்த கணவரோடு தானும் அடைபட்டாள். 1797 வரை.

அப்புறம் அவளும் தங்கை பாலினும் அம்மாவைப் புதைத்த இடத்தைத் தேடினார்கள். அவர்களுக்கு அது தெரியவில்லை. லேஸ் பின்னிப் பிழைத்த ஓர் ஏழைப் பெண்தான் காட்டினாள். தன் தந்தையையும் சகோதரனையும் வெட்டி ஏற்றிச்சென்ற வண்டியின் பின்னாலேயே நடந்துபோனவள் அவள். பாரிஸின் பிக்புஸில் இரண்டு குழிகள். ஆறு வாரத்தில் கொல்லப்பட்ட 1306 பேர். பாதிக்கு மேல் சாதாரண ஜனங்கள். சகோதரிகள் பணம் திரட்டிப் பக்கத்து நிலத்தை வாங்கினார்கள். தேவாலயச் சுவரில் எல்லோர் பெயரும் வயதும் தொழிலும் பொறித்திருக்கிறது. அத்ரியென் 1807ல் இறந்து அங்கேயே அடங்கினாள். லாஃபாயெத்தை 1834ல் அவள் பக்கத்தில் புதைத்தார்கள்.

தாத்தா, கொள்ளுத்தாத்தா கணக்கு எதற்கு என்கிறீர்களே, அந்த இடுகாட்டில் அந்த 1306 பேரின் சந்ததிக்கு மட்டும்தான் இடம். டியூக்கின் வழியில் வந்தவருக்கும் உண்டு, வெட்டுண்ட சாதாரண ஆளின் வழியில் வந்தவருக்கும் உண்டு.