வீட்டுப் பட்டறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

*தொழிற்பயிற்சிப் பட்டறையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், காட்பாடியிலிருந்து பதிலளிக்கிறார்.*

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். வார இறுதியில் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போகிறான். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கார் நிறுத்தும் அறையில் மேசை போட்டு மறுபடி மருந்து நிரப்புகிறான். கேட்டால், "இங்கே பலரும் செய்வதுதானப்பா" என்கிறான். அடுத்த மாதம் நானும் மனைவியும் போய்த் தங்கப் போகிறோம். பேரனுக்கு இரண்டு வயது. அந்த அறை வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டுமாம். பயப்பட வேண்டுமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மைதான். அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். ஆகவே சட்டத்தை வைத்து அவரோடு வாதாடாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேலையை முழுதாகப் பாருங்கள். நல்ல வேலைக்காரனுக்குத் தன் மேசையைக் காட்டுவதில் மகிழ்ச்சிதான் இருக்கும்.

வெடித்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கம் கெடச் செய்தது அந்த இரண்டு வயதுதான். சுட்ட கூட்டுக்குள் கரிபோல் படிந்திருப்பது வெறும் புகை இல்லை. தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. சுட்டபின் அந்த ஈயம் கூட்டின் உட்புறத்தில் மெல்லிய பொடியாக ஒட்டிக்கொள்ளும். கூடுகளைப் பளபளப்பாக்க, மக்காச்சோளச் சக்கையோ அக்ரூட் ஓட்டுத் தூளோ போட்டு அதிரும் கிண்ணத்தில் உருட்டுவார்கள். சில முறை உருட்டிய பிறகு அந்தத் தூளை நெருங்கிப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தது சாம்பல் நிறமாகி, மூடியைத் திறந்ததும் மாவு மாதிரி எழும். அது ஈயம் கலந்த தூசி. கையில், சட்டையில், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அங்கேதான் ஆபத்து. வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. இந்த அளவு வரை ஈயம் பாதுகாப்பானது என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

எனவே முதல் நாளே மகனிடம் பேசுங்கள். உருட்டும் வேலை வீட்டை ஒட்டிய அறையில் வேண்டாம், வெளியே, மூடியோடு. தண்ணீர் விட்டு உருட்டும் கருவி இருந்தால் இன்னும் நல்லது, தூசி எழாது. மேசையையும் தரையையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்த வேலைக்கு என்று தனிச் சட்டை, தனிச் செருப்பு. இரண்டும் உள்கதவைத் தாண்டக் கூடாது. கை கழுவாமல் பேரனைத் தூக்கக் கூடாது. அந்த மேசையில் காப்பிக் கோப்பையே இருக்கக் கூடாது. பேரனுக்கு இரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனையைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். அமெரிக்காவில் 2021 முதல் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்கிறார்கள்.

வெடிமருந்து பற்றியும் சொல்ல வேண்டும். பட்டாசு மருந்தைப் பிரித்துக் கொட்டிக் கொளுத்தினால் சீறி எரியும், அதையே இறுக்கிச் சுருட்டிக் கட்டினால் வெடிக்கும் அல்லவா? தோட்டாவில் போடும் புகையில்லா மருந்தும் அப்படித்தான். அதனால்தான் அதை இறுக மூடும் இரும்புப் பெட்டியில் வைக்கக் கூடாது என்கிறார்கள். வந்த டப்பாவிலேயே, மர அலமாரியில், பூட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு விதித் தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 9 கிலோ மருந்தை அதன் சொந்த டப்பாவில் வைக்க இடம் தருகிறது. கேப்புகளுக்கு 10,000 என்று வரம்பு. ஊருக்கு ஊர் விதி மாறலாம். கேப்புகளை அவற்றின் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் மொத்தமாகக் கொட்டி வைத்திருந்தால், உடனே மாற்றச் சொல்லுங்கள். ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும்.

வேலை செய்யும்போது மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். சில மருந்துகள் கூட்டில் பாதி இடத்தைக்கூட அடைக்காது. ஞாபகமறதியில் இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கி கையிலேயே சிதறும். மருந்தே விழாமல் போனால் குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்கும். அடுத்த குண்டைச் சுட்டால் குழல் பிளக்கும். அதனால் அச்சிட்ட கையேட்டு அளவைத் தாண்டாமல், தொலைக்காட்சி ஓடாமல், கைபேசி பக்கத்தில் இல்லாமல், கண்ணாடி அணிந்து செய்கிறாரா என்று பாருங்கள். நீங்களும் அந்த நேரத்தில் ஊர்க்கதை பேச வேண்டாம்.

இன்னொன்று. திரும்பி வரும்போது பெட்டியை முழுதாகக் கொட்டிப் பார்த்து அடுக்குங்கள். பேரன் விளையாட்டாகப் போட்ட ஒரு தோட்டா போதும், விமான நிலையத்தில் உங்களை நிறுத்திவைக்க. காலிக் கூடுதானே, சாவிக்கொத்தில் மாட்டலாம் என்றும் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: என் மாமாவிடம் உரிமம் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. நிலக்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை. கடையில் தோட்டா விலை அதிகம் என்று, சுட்ட தோட்டாக்களில் தாமே கருமருந்தும் ரவையும் நிரப்பலாமா என்கிறார். (ஒடுகத்தூர் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. குடியாத்தம் வாசகருக்குச் சொன்னது அமெரிக்காவின் கதை. அதைப் படித்துவிட்டு இங்கே யாரும் கை வைக்க வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி வைத்திருக்க ஓர் உரிமம், தோட்டா தயாரிக்க வேறு உரிமம். மாமாவின் உரிமப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்: ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா, ஆண்டுக்கு எத்தனை என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒன்றும் அவருக்கு அனுமதி இல்லை. 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனைகளும் கடுமையாகிவிட்டன. குத்துமதிப்பாக நிரப்பிய மருந்தால் குழல் பிளந்தால், போவது அவருடைய இடக்கை விரல்கள்.

பன்றியைச் சுடுவதற்கும் துப்பாக்கி உரிமம் அனுமதி ஆகாது. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. சேதமான கொல்லையைப் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் இழப்பீட்டு மனு கொடுக்கச் சொல்லுங்கள். அலையத்தான் வேண்டியிருக்கும், தெரியும். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அதைக் கடித்துத் தாடை கிழிந்த மாட்டைப் பார்த்தவன் நான்.

கேள்வி: ஏரியில் மீன் பிடிக்கும் வலைக்கு ஈயக் குண்டு வேண்டும். பழைய கார் பேட்டரியை உடைத்து, வீட்டுக் கேஸ் அடுப்பில் பழைய குழம்புச் சட்டியில் உருக்கி நானே வார்க்கிறேன். மழைக்காலத்தில் ஒருமுறை ஈயம் தெறித்துக் கை வெந்துவிட்டது. ஏன் தெறிக்கிறது? (காவேரிப்பாக்கம் வாசகர்)

பதில்: ஈரம்தான் காரணம். ஈயம் 327 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் ஒரு துளி தண்ணீர் ஈயத்துக்கு அடியில் போய்விட்டால் நொடியில் ஆவியாகிப் பல மடங்கு பருத்து, மேலே இருப்பதைத் தூக்கி எறியும். நான் தொழில் பழகிய பட்டறையில் ஒருவர் ஈரக் கரண்டியை உள்ளே விட்டார். சுண்ணாம்பு அடித்த கூரையில் வெள்ளித் துளிகள் அப்பிக்கொண்டன, சுரண்டினாலும் வரவில்லை. அவை அங்கே இருந்த வரை யாரும் கரண்டியைச் சூடாக்காமல் உள்ளே விட்டதில்லை. அச்சு, கரண்டி, சேர்க்கும் ஈயத்துண்டு எல்லாவற்றையும் முன்பே சூடுகாட்டிக் காயவைக்க வேண்டும். முழுக்கை பருத்திச் சட்டை, தோல் காலணி, முகம் மறைக்கும் கண்ணாடி.

ஆனால் பேட்டரியை உடைப்பதை இன்றே விடுங்கள். உள்ளே கந்தக அமிலம். தகட்டில் இருப்பதில் பெரும்பகுதி ஈயச் சேர்மப் பொடி. உருக்கும்போது அந்தப் பொடி புகையோடு சமையலறையில் படியும், அமிலம் மண்ணில் இறங்கும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பேட்டரி, மறுசுழற்சிக்காக முறையான வழியில்தான் திரும்பிப் போக வேண்டும். கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் ஆயத்த ஈயக் குண்டே வாங்கலாம். குழம்புச் சட்டியை யாரும் மறுபடி தேய்த்து அடுப்பில் ஏற்ற முடியாதபடி ஓட்டை போட்டுவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சின்னப் பிள்ளைகளோ இருந்தால் மருத்துவரிடம் ஈயப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ஷூவுக்கு அப்பர் (மேல்பாகம்) ஒட்டித் தைக்கும் வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்கிறோம். மாலையானால் தலைவலி, மயக்கம். வெயிலுக்குச் சன்னலை மூடிவிடுகிறோம். சமையலும் அதே அறையில்தான். (பேரணாம்பட்டு வாசகி)

பதில்: அம்மா, அந்தத் தலைவலி, ஒட்டும் பசையான சொல்யூஷனின் வாசனையால் வருவது. வாசனை பழகிவிட்டது என்பதற்காக அது குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், தள்ளி இருக்கும் அடுப்பிலும் பற்றிக்கொள்ளும்; சுவிட்சுப் பொறியே போதும். சொல்யூஷன் டப்பா திறந்திருக்கும் நேரத்தில் அந்த அறையில் அடுப்பு எரியக் கூடாது, சாமி விளக்கும் எரியக் கூடாது. ஒட்டும் வேலையைத் திண்ணைக்கு மாற்றி, ஓலையோ சாக்கோ கட்டி நிழல் செய்துகொள்ளுங்கள். தையலை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். எடுத்தவுடன் டப்பாவை மூடுங்கள். தினமும் தேவையான அளவை மட்டும் சிறு டப்பாவில் வாங்கிவரச் சொல்லுங்கள். கை கால் விரல்களில் மரமரப்பு இருந்தால் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய், என்ன பசையில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். டப்பாவின் மேலுள்ள சீட்டைக் கிழித்துக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு எளிதாக இருக்கும்.