ஜாஸ் ரசிகர்கள் 1959-ஐ ஏன் திருப்புமுனை வருடம் என்கிறார்கள்? புதிதாகக் கேட்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல ரெக்கார்டுகள் நிறைய வந்த வருடம் என்பது மட்டும் காரணமில்லை. எல்லோரும் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டி, ஆளுக்கொரு வழியில் வெளியே வந்தார்கள். 1940களில் எழுந்த பீபாப் பாணியில் கார்ட்கள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்துகள், சடசடவென மாறும். தனியாக வாசிப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஈடுகொடுத்து ஓட வேண்டும். பதினைந்து வருடம் போனதும் அந்த ஓட்டமே பழகிய தடமாகிவிட்டது.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் கார்ட்களைக் குறைத்தார். அவருடைய 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டு மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டே நாளில், நியூயார்க்கில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவானது. முதல் உருப்படி 'சோ வாட்'. ஒரு சுற்றுக்கு 32 பார், பாருக்கு நான்கு அடி. முதல் 16 பார் டி டோரியன். அடுத்த 8 அதுவே அரைச்சுரம் மேலே. கடைசி 8 மறுபடி டி. கீபோர்டில் டி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் அதுதான் டோரியன். நம் காதுக்குக் கரகரப்பிரியா ஸ்வரங்கள், கமகம் இல்லாமல். எண்ணிக்கொண்டே கேட்பவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒரு சுற்றின் கடைசி 8 பாரும் அடுத்த சுற்றின் முதல் 16 பாரும் ஒட்டி, 24 பார் ஒரே டி-யாகப் போகும். சுற்று எங்கே திரும்பியது என்றே தெரியாது. அரைச்சுரம் ஏறும் இடத்தைப் பிடித்து அங்கிருந்து எண்ணுங்கள்.

இதன் பழைய எல்பி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மார்ச் 2 அன்று பதிவு டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் விரைவாகி, ஏறக்குறைய கால் சுரம் ஏறிவிட்டன. மாற்று இயந்திரத்தில் எடுத்த டேப்பிலிருந்து 1990களில் வந்த மறுவெளியீடுகளில்தான் இது சரியானது. 'சோ வாட்' ஒலிக்கும்போது சுருதி சேர்த்த கீபோர்டில் டி-யை அழுத்திப் பாருங்கள். பேஸ் (கீழ்ச்சுரங்கள் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) அதற்கும் அடுத்த கறுப்புக் கட்டைக்கும் நடுவே நின்றால் உங்களிடம் இருப்பது பழைய மாஸ்டர்.

அதே குழுவில் டெனர் சாக்ஸ் வாசித்த ஜான் கோல்ட்ரேன், ஏப்ரல் பதிவு முடிந்து இரண்டு வாரத்துக்குள், மே தொடக்கத்தில், நேர் எதிர்த்திசையில் போனார். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' 16 பாருக்குள் 26 கார்ட். பி, ஜி, ஈ பிளாட் என மூன்று சுருதிகளில் சுழல்கிறது. அந்த வேகத்தில் பெரும்பாலான கார்டுக்கு அரை விநாடிகூட இல்லை. பியானோ வாசித்த டாமி ஃபிளானகன் தேர்ந்த கலைஞர். அவர் தனி வாசிப்பே நடுவில் திணறுவதைக் கேட்கலாம். இதைக் கடைசியில் கேளுங்கள்.

பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தாளத்தைத் தொட்டார். 1958-இல் அமெரிக்க அரசு அனுப்பிய பயணத்தில் துருக்கி, இந்தியா (மதராஸ் உட்பட) சுற்றி வந்தவர். மறுவருடக் கோடையில் பதிவான 'டைம் அவுட்' 'கைண்ட் ஆஃப் புளூ' பதிவான அதே கொலம்பியா ஸ்டுடியோவில் உருவானது. அதிலுள்ள 'டேக் ஃபைவ்' அவர் குழுவின் சாக்ஸ் கலைஞர் பால் டெஸ்மண்ட் எழுதியது, ஐந்து அடி. கண்ட சாபு மாதிரி 2+3 போட்டால் கை இடறும்; இது 3+2. பியானோ நிற்காமல் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'புளூ ரோண்டோ' ஒன்பது அடி: 2+2+2+3 மூன்று முறை, நான்காவது முறை 3+3+3.

பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் அந்த மே மாதம் பதிந்த இசைத்தட்டில், கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் படையை நிறுத்திய அர்கன்சா ஆளுநர் ஃபாபஸ் மீதான கேலியும் இருக்கிறது. பாட்டு வரிகள் அதில் இல்லை. அவை வேறொரு நிறுவனத்தின் 1960 பதிவில்தான் வந்தன.

ஆர்னெட் கோல்மன் பியானோவையே தூக்கிவிட்டார். கார்ட் வாசிக்க ஆளே இல்லை. சார்லி ஹேடனின் பேஸ் மெட்டின் பின்னால் போகும். கையில் பிளாஸ்டிக் ஆல்டோ சாக்ஸ். நவம்பரில் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் அவர் குழு வாசித்தபோது நியூயார்க் இசை வட்டமே இரண்டாகப் பிரிந்தது. 'லோன்லி வுமன்' கேட்டுப் பாருங்கள்: கீழே டிரம் விரைந்து ஓடும், மேலே சாக்ஸும் கார்னெட்டும் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) ஒப்பாரி போல இழுக்கும். இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் அடக்கப் பார்க்காதீர்கள், அப்படி எண்ணினால் மெட்டு தவறிப்போகும்.