புதுப் பெல்ட் போட்டும் ஏன் கத்துகிறது? பழைய வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பெல்ட், அது ஓடுகிற சக்கரமான புல்லி பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: பெல்ட் மாற்றியும் சத்தம் நிற்கவில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காங்கேயம்: அண்ணா, பழைய அம்பாசிடர் வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது. ஒரு வருடத்தில் மூன்று ஃபேன் பெல்ட் மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் இன்னும் இறுக்கித்தான் விடுகிறார்கள்.

தம்பி, நான்காவது பெல்ட் வாங்காதீர்கள். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பி ஏற்றுவதால் அந்த நேரத்தில் டைனமோவுக்குச் சுமை அதிகம். வழுக்குகிற பெல்ட் அப்போதுதான் கத்தும். ஏன் வழுக்குகிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் ஃபேன் பெல்ட் வி-பெல்ட், அதாவது அடிப்பக்கம் குறுகிய பெல்ட். அது பிடிப்பது பக்கச் சுவர்களில். அதன் அடி, புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. பெல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது. சுவரில் நகத்தை வைத்து இழுத்தால் படி தட்டும். புல்லி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் ஊர்க் காட்டுப் புழுதி உப்புத்தாள் மாதிரி வேலை செய்திருக்கும்.

லேத்தில் கொடுத்து ஒரு வெட்டு எடுக்கலாமே என்பீர்கள். கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கிற நமக்கெல்லாம் அந்தத் தைரியம் உண்டு! ஆனால் வெட்டினால் பள்ளம் அகலமாகி பெல்ட் இன்னும் கீழே இறங்கும். புல்லியை மாற்றுவதுதான் வழி. பழையது வாங்கினாலும் நகத்தை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இறுக்கத்துக்குக் கணக்கு இதுதான்: நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்க வேண்டும். அதைவிட இறுக்கமாக முறுக்கினால் சத்தம் அடங்கலாம், அப்புறம் வாட்டர் பம்பு பேரிங் போய்விடும்.

பொள்ளாச்சி: வால்பாறை ஏறும்போது ஜீப் சூடாகிறது, சார்ஜ் விளக்கும் மினுக்குகிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்தும் அப்படியேதான்.

இரண்டும் ஒட்டுக்கா வருகிறதென்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். தொட்டால் பிசுபிசுக்கிறதா? பெல்ட்டைச் சுற்றிவிடுகிற இன்ஜினின் கிராங்க் புல்லிக்குப் பின்னாலுள்ள ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போகும். சீலை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் காசுதான் தண்டம்.

ஏறும்போது விளக்கு நின்று எரிந்து, சூடும் ஏறினால் உடனே ஓரம் கட்டிவிடுங்கள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. திம்பம் மலைப்பாதையில் 27தான்; அங்கேயே நான் ஒருமுறை 'இன்னும் நாலு வளைவுதானே' என்று ஓட்டி, இன்ஜின் தலைக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைத் தொலைத்தேன். பெல்ட் செலவோடு போயிருக்க வேண்டியது.

தாராபுரம்: பெல்ட் ஒரு பக்கம் மட்டும் நூல் நூலாகப் பிரிகிறது.

புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. கிராங்க் புல்லியிலிருந்து டைனமோ புல்லி வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் டைனமோவைக் கழற்றி மாட்டியவர் ஒரு வாஷரை மறந்திருப்பார். அது சரியாக இருந்தால், இன்ஜின் ஓடும்போது தள்ளி நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள், ஆடுகிறதா என்று. நடுவில் ரப்பர் வைத்த புல்லியில் ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் தனியாக ஆடும். தோளில் துண்டு இருந்தால் எடுத்து வைத்துவிட்டுக் குனியுங்கள்.

பவானி: அவசரத்துக்கு கிரைண்டர் பெல்ட்டை மாட்டலாமா? சத்தத்துக்குச் சோப்புத் தடவலாமா?

இரண்டும் வேண்டாம், அம்மிணி. கடையில் கிடைக்கும் ஏ-சைஸ் பெல்ட் 13 மி.மீ. அகலம், உங்கள் கார் புல்லி அதற்கு வெட்டியதாக இருக்காது. சோப்பு சத்தத்தைச் சித்த நேரம் மறைக்கும், வழுக்கலைக் கூட்டிவிடும்.

பெருந்துறை: பல வரி உள்ள பட்டைப் பெல்ட்டில் சத்தம். எங்கே என்று தெரியவில்லை.

ஓடும்போது வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் நின்று மறுபடி வந்தால் கோடு பிசகல். இன்னும் கூடினால் இறுக்கம் போதாது. தண்ணீருக்கு அசையவே இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரவென்று உறுமுகிற பேரிங்தான் காரணம்.

கோபி: ஸ்பேர் பெல்ட் எந்த அளவு வாங்குவது?

இப்போது ஓடுகிற பெல்ட் சரியானதுதானென்றால் அதன் முதுகில் எண் இருக்கும். அழிவதற்குள் பானட்டின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வையுங்கள்.