கோட்டையில் தூங்கணுமாம் மகளுக்கு!

வாசகர் கேள்விகளுக்குப் பதில்: இந்த இதழில் கோட்டை ஹோட்டல்கள்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது. கோட்டை என்றால் உயிர். வரும் ஜூனில் அயர்லாந்து போகிறோம். இரண்டு இரவாவது ஒரு கோட்டை ஹோட்டலில் தங்க ஆசை. படத்தில் எல்லாமே அழகாக இருக்கின்றன, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்றே தெரியவில்லை. “அது பெரியவர்கள் போகிற இடம், பிள்ளைக்குப் போரடிக்கும்” என்கிறார் கணவர்.

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோட்டை ஹோட்டல்கள் பலவும் புதுமணத் தம்பதிகளையும் கல்யாண வீட்டாரையும் நம்பி நடப்பவை. பழைய ஓவியங்கள், கணப்பு எரிகிற கூடம், தாழ்ந்த குரலில் பேச்சு. இதெல்லாம் நமக்கு இதமாக இருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அரைமணி நேரத்தில் அலுத்துவிடும். ஆகவே அறைப் படங்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் இருக்கிறது, அதில் பிள்ளை ஓடலாமா, மழை பெய்தால் என்ன செய்வது என்று பாருங்கள். என் மகனோடு போகும்போதெல்லாம் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

மேற்கு அயர்லாந்தில் கோங் கிராமத்தை ஒட்டி, கோரிப் ஏரிக்கரையில் இருக்கிறது ஆஷ்ஃபோர்டு கோட்டை. 1228-இல் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் கின்னஸ் குடும்பத்தின் கைக்கு வந்து பெரிதாக வளர்ந்தது. 1939-இல் ஹோட்டல் ஆனது. வளாகம் மட்டும் சுமார் 350 ஏக்கர். காடு, ஏரி, படகு எல்லாம் உண்டு. அங்கேயே பருந்து பழக்கும் பள்ளி ஒன்றும் இருக்கிறது. தடித்த தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, பழக்கிய ஹாரிஸ் பருந்தோடு பயிற்சியாளர் துணையுடன் காட்டுக்குள் நடந்து போகலாம். பருந்து மரத்துக்கு மரம் பறந்து, இறைச்சித் துண்டைக் கண்டதும் நேரே கைக்கு வந்து இறங்கும். ஆறு வயதில் கையில் ஏந்த விடுவார்களா, பக்கத்தில் நின்று பார்க்கத்தான் விடுவார்களா என்பதை அறை போடுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். வெறுமனே பார்த்தாலும் அவள் வாயடைத்துப் போவாள், அது வேறு விஷயம். ஆனால் “உனக்குக் கிடையாது” என்பதை அங்கே போய் நின்ற பிறகு ஒரு குழந்தை கேட்கக் கூடாது.

ஷானன் விமான நிலையத்தில் இறங்குவதாக இருந்தால் டிரோமோலண்ட் கோட்டையையும் பாருங்கள். கார் ஏறினால் சுமார் கால் மணி நேரம். ஓ’பிரையன் குடும்பத்தின் பரம்பரை வீடு, 1963-இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். நீண்ட விமானப் பயணம் முடித்து, நேரம் காலம் புரியாமல் சிணுங்கும் பிள்ளையை இன்னும் வெகுநேரம் காரில் வைத்திருக்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய காரணமாகத் தோன்றும். பக்கத்திலேயே பன்ராட்டி கோட்டை. அதில் தங்க முடியாது, ஆனால் பகலில் சுற்றிப் பார்க்கலாம். 15-ஆம் நூற்றாண்டுக் கோபுரம், குறுகலான படி, மேலே ஏறினால் காற்று. உங்கள் மகள் மனதில் வரைந்து வைத்திருக்கும் கோட்டைக்கு, சொகுசு ஹோட்டலை விட இதுதான் நெருக்கமாக இருக்கும்.

இரண்டு ஹோட்டலும் விலை கூடியவை. அதனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒன்றிலேயே இரண்டு இரவும் தங்குங்கள். ஒரே இரவு என்றால் பிற்பகலில் அறை கிடைத்து மறுநாள் காலையில் பெட்டி கட்ட வேண்டியதுதான், பருந்தும் படகும் படத்தோடு நின்றுவிடும். அப்புறம், உங்கள் தேதியில் அங்கே கல்யாணம் நடக்கிறதா என்று கேளுங்கள். வார இறுதியில் பெரும்பாலும் நடக்கும். பாட்டு நள்ளிரவு வரை கேட்கும், தோட்டத்தில் ஒரு பகுதியை அடைத்தும் வைத்திருப்பார்கள். திங்கள் முதல் வியாழன் வரை நல்ல நாட்கள்.

ஜூன் என்கிறீர்கள். மேற்கு அயர்லாந்தில் அந்த மாதம் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். “இன்னும் வெளிச்சம் இருக்கே, ஏன் தூங்கணும்?” என்று கேட்பாள். வெளிச்சத்தை முழுக்க மறைக்கிற திரை இருக்கிறதா என்று விசாரியுங்கள். வாடகைக் கார் என்றால், அயர்லாந்தில் 150 செ.மீ. உயரமோ 36 கிலோ எடையோ எட்டும்வரை குழந்தைக்கான இருக்கை கட்டாயம். காரோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: கோபுர அறைதான் வேண்டும் என்று பையன் அடம்பிடிக்கிறான். வயது ஐந்து. எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம் என்பேன். பகலில் கோபுரத்தில் ஏறி விளையாடட்டும், இரவில் தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ தூங்கட்டும்.

கோபுரச் சுருள் படியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியும் ஆப்பு வடிவம். நடுத்தூண் பக்கம் நாலு விரல்கூட அகலம் இருக்காது, வெளிச்சுவர்ப் பக்கம்தான் கால் முழுதாகப் பதியும். நூற்றாண்டுகளாக மிதிபட்டு நடுவில் குழி விழுந்திருக்கும். பிடித்துக்கொள்ளத் தொங்குகிற கயிறு பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் இருக்கும், உங்கள் பையனுக்கு அது தலைக்கு மேலே. இந்தப் படியில் தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் பையோடு ஏற வேண்டும். லிஃப்ட் இருக்காது. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம், நினைத்த இடத்தில் சுவரை இடித்து லிஃப்ட் வைக்கச் சட்டம் விடாது. பகலில் ஏறும்போதும் அவனை வெளிச்சுவர்ப் பக்கமாகவே நடக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது நீங்கள் அவனுக்குக் கீழே, ஒரு படி முன்னால் இறங்குங்கள்.

“குடும்ப அறை” என்ற பெயரை நம்பியும் பணம் கட்டாதீர்கள். ஒரு ஹோட்டலில் (பெயர் வேண்டாம்) எங்களுக்குக் கொடுத்த குடும்ப அறை இரண்டு தளமாக இருந்தது. பிள்ளைக்கான கட்டில் மேல் தளத்தில், எங்களுடையது கீழே, நடுவில் செங்குத்தான மரப்படி. கடைசியில் மகனைக் கீழே எங்களோடு படுக்க வைத்தோம். எத்தனை கட்டில், எல்லாம் ஒரே தளத்திலா, ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், உள்ளிருந்து பூட்டலாமா என்பதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சப்பரமஞ்சக் கட்டில் உள்ள அறைகளில் அந்தக் கட்டிலே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கூடுதல் கட்டில் போட வழியிருக்காது. அதையும் கேளுங்கள்.

கோட்டை என்ற உணர்வு வர உச்சிக்குப் போயாக வேண்டும் என்பதில்லை. வட இங்கிலாந்தில், நார்தம்பர்லாந்தில் இருக்கிற லாங்லி கோட்டை 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது. சுவரின் கனம் 7 அடி. அந்தக் கனத்துக்குள்ளேயே ஜன்னலோரம் கல் இருக்கை அமைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை காலை மடக்கிப் புத்தகத்தோடு உட்கார அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இப்படிச் சுவர்க் கனத்தில் இருக்கை உள்ள அறை எது என்று கேட்டு வாங்குங்கள், கோபுரத்தை மறந்துவிடுவான். ஒன்று, இத்தனை கனமான சுவருக்குள் செல்போன் சிக்னலும் வைஃபையும் தடுமாறும். கார்ட்டூன் வேண்டுமென்றால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்ஜெட் குறைவு. கோட்டையில் தங்குவது எங்களுக்கு எட்டாத கனவுதானா?

பதில்: இல்லவே இல்லை, ஜெர்மனிக்குப் போங்கள். அங்கே கோட்டைகளில் இளைஞர் விடுதி (‘யூத் ஹாஸ்டல்’ என்கிற குறைந்த செலவுத் தங்குமிடம்) நடத்துவது ஒரு நூற்றாண்டு வழக்கம். உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதியே ஆல்டெனா கோட்டையில்தான் தொடங்கியது. ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் போகும்போது தங்க இடமில்லையே என்று தவித்து உருவாக்கியது. அந்தக்கால மரக்கட்டில்கள் உள்ள கூடத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்வது ஷ்டாலெக் கோட்டை. ரைன் நதிக்கரையில் பாக்கராக் என்ற சிற்றூருக்கு மேலே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிறது. 1689-இல் பிரெஞ்சுப் படை தகர்த்ததை 20-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டினார்கள். ஒரு பகுதியில் தண்ணீர் நிறைந்த அகழி உண்டு. குடும்பத்துக்குத் தனி அறை கிடைக்கும், அடுக்குக் கட்டில், காலை உணவு. கீழே ரைனில் சரக்குப் படகுகள் வரிசையாகப் போவதை முற்றத்திலிருந்து நாள் முழுக்கப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டிலே ஒரு திருவிழா. மற்ற குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பார்கள், மொழி தெரியாமலே அரைமணியில் கூட்டாளி ஆகிவிடுவார்கள். சொகுசு ஹோட்டலில் இது கிடைக்காது. உண்மையைச் சொன்னால், குழந்தையோடு போகிறவர்களுக்குச் செலவு ஒரு பொருட்டே இல்லை என்றாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

விடுதிக் கழக உறுப்பினர் அட்டை வேண்டும், குடும்பத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறையில் சீக்கிரம் நிரம்பிவிடும். ஊரிலிருந்து நடந்தால் ஏகப்பட்ட படி, பெட்டியோடு போகிறவர்கள் டாக்சி பிடித்துவிடுங்கள். அயர்லாந்தையும் ஜெர்மனியையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைத்தால், ஜெர்மனி ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) அடங்கும், அயர்லாந்து அடங்காது.

கேள்வி: ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் கோட்டை ஹோட்டல்கள் மலிவு என்கிறார்களே? குழந்தைக்கு ஏழு வயது.

பதில்: ஸ்பெயினில் ‘பாரடோர்’ என்று அரசு நிறுவனமே நடத்தும் ஹோட்டல்கள் 1928-இலிருந்து இருக்கின்றன. பல, பழைய கோட்டைகளிலும் மடங்களிலும் இயங்குகின்றன. கத்தலோனியாவில் கார்தோனா, மத்திய ஸ்பெயினில் சிகுவென்சா இரண்டும் அசல் கோட்டைகள். கார்தோனாவில் மலையடிவாரத்தில் உப்பு மலையும் இருக்கிறது, சுரங்கத்துக்குள் அழைத்துப் போய்க் காட்டுவார்கள். ஏழு வயதுக்கு அருமையான பொழுது. ஆனால் இரவுச் சாப்பாடு எட்டரை மணிக்கு மேல்தான் தொடங்கும். பிள்ளைக்கு மதியமே வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, மாலையில் லேசாக ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ச்சுகலின் ஓபிடோஸ் அழகான ஊர், கோட்டைக்குள்ளேயே ஹோட்டல் இருக்கிறது. ஊரைச் சுற்றிய மதில்மேல் நடக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நடந்திருக்கிறேன். ஊர்ப்பக்கம் கைப்பிடியே இல்லை. கல் தேய்ந்து வழுக்கும், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடம் போதாது, கீழே பல மீட்டர் பள்ளம். பிள்ளையோடு அதில் ஏறவே ஏறாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம்.

கேள்வி: பேய் இருக்கும் என்று அண்ணன் சொல்லிக் கொடுத்து, சின்னவள் பயப்படுகிறாள்.

பதில்: பல கோட்டை ஹோட்டல்கள் பேய்க்கதையை வைத்தே விளம்பரம் செய்கின்றன, சில இடங்களில் இரவில் விளக்கைத் தணித்துக் கதை சொல்லிச் சுற்றிக் காட்டுவதும் உண்டு. வந்ததும் வரவேற்பில், “பிள்ளை முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். பழைய மரத்தளம் இரவில் கிறீச்சிடும், குழாயில் தண்ணீர் ஓடினால் சுவருக்குள் முனகல் கேட்கும். இருட்டும் முன்பே அவளை அறைக்குக் கூட்டிப்போய், எந்தப் பலகை கிறீச்சிடுகிறது என்று அவளையே மிதித்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். படுக்கையோரம் வைக்கச் சின்ன விளக்கு ஒன்று கொண்டு போங்கள், அந்த நாட்டுச் செருகிக்குப் பொருந்தும் அடாப்டரோடு.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் கோட்டைக் கட்டடத்துக்குள் அறை எடுக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் வளாகத்துக்குள்ளேயே, பழைய குதிரை லாயத்தையோ தோட்டக்காரர் வீட்டையோ மாற்றிக் கட்டிய தங்குமிடம் இருக்கும். ஒரே தளம், பால் காய்ச்ச அடுப்பு, வாசலில் புல்வெளி, வாடகையும் குறைவு. கோட்டை எதிரிலேயே தெரியும்.